நாற்பது நிமிட பில்டோடு எபேனில் ஓராண்டு

வெளிநாட்டில் ஒரு பெரிய நிறுவனத்தின் பழைய ஜாவா புராஜெக்ட்டில் சேரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சம்பளம், வீட்டு வாடகை, பர்மிட் பற்றியெல்லாம் சொல்ல ஆள் இருக்கிறார்கள். ஒரு வரியை மாற்றிவிட்டு அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. தனியாகக் கிடந்து தெரிந்துகொண்டேன். அதில் போன மாலை நேரங்களும் பணமும் கொஞ்சம் அதிகம்.

2023 நடுவில் சென்னையிலிருந்து மொரீஷியஸ் வந்தேன். எபேன் சைபர்சிட்டியில் அலுவலகம், வாடிக்கையாளர் பாரிஸில் ஒரு காப்பீட்டு நிறுவனம். இந்தத் தீவில் இது சகஜமான ஏற்பாடு. பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். பாரிஸோடு நேர வித்தியாசம் அவர்களுடைய கோடையில் இரண்டு மணி, குளிர்காலத்தில் மூன்று மணி, அவ்வளவுதான். முதல் நாள் புராஜெக்ட்டின் கோட் முழுவதையும் இறக்கி, பில்ட் செய்ய, அதாவது அந்தக் கோடிலிருந்து ஓடக்கூடிய மென்பொருளைக் கட்டியெடுக்க, குழுவில் எல்லோரும் பயன்படுத்தும் பேட்ச் ஃபைலை (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) ஓட்டினேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து டீ குடிக்கப் போனார், வாங்க என்று என்னையும் கூப்பிட்டார். டீ குடித்தோம், கீழே வண்டியில் தால் பூரி சாப்பிட்டோம், காவடி எந்தக் கோவிலில் எடுப்பார்கள் என்று பேசினோம் (அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் வந்த தமிழ்க் குடும்பம், வீட்டில் பேசுவது கிரியோல்). திரும்பி வந்தபோதும் பில்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முழு பில்ட் நாற்பது நிமிடம். அப்புறம் அந்த மென்பொருளை ஓட்டும் சர்வர் எழுந்து வர இன்னொரு பன்னிரண்டு நிமிடம். “இங்க அப்படித்தான், பா த்ராகாசே” என்றார். கவலைப்படாதே என்று அர்த்தம். நான் கவலைப்படாமல் இருந்த கடைசி நாள் அதுதான்.

நாற்பது நிமிடம் என்றால் நாற்பது நிமிடம் மட்டும் போகிறது என்று நினைக்காதீர்கள். ஐந்து நிமிடம் திரையைப் பார்ப்போம், பிறகு ஃபோனை எடுப்போம், பிறகு வேறு டிக்கெட்டை (பதிவாகியிருக்கும் வேலைக் கோரிக்கை) திறப்போம். பில்ட் முடியும்போது எதைச் சோதிக்கத் தொடங்கினோம் என்பதே மறந்திருக்கும். அதைவிட மோசமான பழக்கம் ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாற்பது நிமிடமா என்று ஐந்து மாற்றங்களைச் சேர்த்துச் செய்துவிட்டு ஒரே பில்டாகப் போடுவோம். பக் (மென்பொருள் பிழை) போய்விட்டால் எந்த மாற்றத்தால் போனது என்று தெரியாது. போகாவிட்டால், ஐந்தில் எது எதைக் கெடுத்தது என்றும் தெரியாது. எங்கள் கோடில் ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நல் செக்குகள் (மதிப்பு எதுவும் இல்லாமல் வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்கும் வரிகள்) நூற்றுக்கணக்கில் கிடந்தன. பாதி இப்படி வந்தவைதான் என்பது என் ஊகம். இதற்கு நான் பிடித்துக்கொண்ட வழி சாதாரணமானது. பில்ட் போடுவதற்கு முன் ஒரு நோட்டில் இரண்டு வரி: என்ன மாற்றினேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். வந்து பார்க்கும்போது நூல் அறுந்திருக்காது.

பாரிஸ்காரர்கள் மாலை ஆறு மணிக்கு ஒரு திருத்தம் கேட்டால் இங்கே இரவு எட்டோ ஒன்பதோ. ஒரு வரித் திருத்தம்தான், ஆனால் பில்ட், சர்வர், சோதனை என்று பத்தரை ஆகிவிடும். நான் இருந்தது காத்ர் போர்னில். பகலில் பஸ்ஸுக்குக் கவலையில்லை; அந்த நேரத்தில் டாக்சிதான். ஒவ்வொரு தடவையும் முந்நூறு, நானூறு ரூபாய். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அதைப் பெருமையாகப் படம் எடுத்து அனுப்பிய நான், அந்த நோட்டுகளை டாக்சிக்கே எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனால் மகள் தூங்கியிருப்பாள். “அங்க அப்படி என்னதான் செய்யறீங்க?” என்று மனைவி கேட்டபோது, “காத்திருக்கேன்” என்று சொல்ல வாய் வரவில்லை. நமக்குத்தான் திறமை போதவில்லையோ என்ற எண்ணமும் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. வேலையை விட்டுவிடலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. ஆக்குபேஷன் பர்மிட் (இங்கே தங்கி வேலைசெய்யும் அனுமதி) வேலை தரும் நிறுவனத்தோடு சேர்ந்தது, இடம் மாறினால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

முதலில் எல்லோரும் சொன்னது, லேப்டாப் பழசு, ராம் போதாது என்று. என் சொந்த லேப்டாப்பில் வேலை செய்யலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். தாராளமாக என்றார். 58,000 ரூபாய் போட்டு நல்ல பிராசசர், 32 ஜிபி ராமோடு ஒன்று வாங்கினேன். அடுத்த வாரமே செக்யூரிட்டி குழுவிடமிருந்து மெயில்: வாடிக்கையாளரின் கோட் சொந்தக் கருவியில் இருக்கவே கூடாது. மேனேஜர் அப்படி ஒரு விதி இருப்பது தனக்குத் தெரியாது என்றார். அந்த லேப்டாப்பில் இப்போது மகள் கார்ட்டூன் பார்க்கிறாள். வாய்மொழிச் சம்மதத்தை நம்பி எதையும் வாங்காதீர்கள், செக்யூரிட்டி குழுவிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் தெரிந்தது, அதில் வேலை செய்ய விட்டிருந்தாலும் பெரிதாக எதுவும் குறைந்திருக்காது. நேரம் போன இடமே வேறு.

அது தெரிந்தது ஒரு புயலால். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தது. போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்த காட்சிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கம் கரண்ட் இருந்தது, இன்டர்நெட் இல்லை. டெலிவரி நெருங்கியிருந்தது, வீட்டை விட்டு வெளியே போகவும் முடியாது. விபிஎன் (நிறுவன வலைக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) இல்லாமல் பாரிஸில் உள்ள ரெப்பாசிட்டரியை (பில்டுக்கு வேண்டிய லைப்ரரிகளின் கிடங்கு) தொட முடியாது என்பதால் மேவனை (ஜாவா பில்டை நடத்தும் கருவி) ஆஃப்லைன் ஆப்ஷனோடு ஓட்டினேன். டிஸ்கில் ஏற்கெனவே இருக்கும் ஜார்களை (கட்டிவைத்த ஜாவா லைப்ரரி ஃபைல்கள்) வைத்தே பில்ட் செய், வெளியே எதையும் கேட்காதே என்பதுதான் அதன் பொருள். ஜன்னல் ஓரம் துணி வைத்துத் தண்ணீரைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தால் பில்ட் சக்சஸ், 21 நிமிடம். நம்பிக்கை வரவில்லை. மறுபடி ஓட்டினேன், அதே 21. அதே பழைய லேப்டாப், அதே கோட். இத்தனை மாதம் ஒவ்வொரு பில்டிலும் 19 நிமிடம் கடலுக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. அன்று எனக்கு மகிழ்ச்சியைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

இன்டர்நெட் வந்த பிறகு, பில்ட் எழுதும் லாகில் (நடந்ததன் பதிவு) ஒவ்வொரு வரிக்கும் நேரம் போடவைத்தேன். மேவனில் அதற்கு ஒரு லாகர் செட்டிங் இருக்கிறது. கடைசியில் வரும் ரியாக்டர் சம்மரி எந்த மாட்யூலுக்கு (புராஜெக்ட்டின் ஒரு பகுதி) எவ்வளவு நேரம் என்று மட்டும்தான் சொல்லும், உள்ளே எந்த வேலைக்கு எவ்வளவு என்று சொல்லாது. எங்கள் மென்பொருள் முப்பது தனி புராஜெக்ட்டுகளாகப் பிரிந்திருந்தது, பேட்ச் ஃபைல் ஒவ்வொன்றுக்கும் மேவனைத் தனித்தனியாகக் கூப்பிட்டது. மற்றக் குழுக்கள் வெளியிடும் பொது லைப்ரரிகள் எல்லாம் ஸ்னாப்ஷாட் பதிப்புகள். ஸ்னாப்ஷாட் என்றால் அதே பெயரில் உள்ளடக்கம் மாறலாம், ஆகவே புதிதாக வந்திருக்கிறதா என்று மேவன் கேட்கும். வழக்கமான அமைப்பில் நாளைக்கு ஒரு தடவை கேட்டால் போதும். எங்கள் செட்டிங்ஸ் ஃபைலில் யாரோ எப்போதோ ‘எப்போதும்’ என்று மாற்றிவைத்திருந்தார்கள். இங்கிருந்து பாரிஸுக்கு ஒரு கேள்வி போய் பதில் வர கால் நொடி. முப்பது புராஜெக்ட், ஒவ்வொன்றிலும் அறுபது எழுபது கேள்விகள், ஆக இரண்டாயிரம் கேள்விகள், கிட்டத்தட்ட எட்டு நிமிடம். மீதி பதினோரு நிமிடம், பாரிஸில் யாரோ ஒருவர் கமிட் செய்யும்போதெல்லாம் (தன் கோட் மாற்றத்தைச் சேர்க்கும்போதெல்லாம்) பிறக்கும் புது ஜார்களை நாங்கள் மெல்லிய விபிஎன் வழியே இறக்கிய நேரம். அவர்கள் அலுவலகத்தில் ஒரு கேள்விக்கு ஒன்றிரண்டு மில்லி செகண்ட்தான், அதனால் அவர்களுக்கு வலிக்கவே இல்லை. நாங்கள் மெதுவாக இருக்கிறது என்று சொன்னபோதெல்லாம் எங்களுக்கு வேகமாகத்தானே ஓடுகிறது என்று சொன்னார்கள். பொய் சொல்லவில்லை பாவம்.

செய்தது இதுதான். செட்டிங்கை ‘தினமும்’ என்று மாற்றினேன். காலையில் ஒரு தடவை ஆன்லைனில் பில்ட், பிறகு நாள் முழுக்க ஆஃப்லைன். பேட்ச் ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டு, முப்பதையும் ஒரே தாய் பாம் ஃபைலின் (மேவனுக்கான குறிப்பு ஃபைல்) கீழ் சேர்த்தோம். அதன்பின் பிஎல், ஏஎம் என்ற இரண்டு ஆப்ஷன்களால் நான் தொட்ட மாட்யூலையும் அது சார்ந்திருப்பவற்றையும் மட்டும் கட்டமுடிந்தது. விரல் தானாக அடிக்கும் அந்த ‘கிளீன்’ சொல்லையும் விடப் பழகுங்கள், ஏற்கெனவே கம்பைல் ஆனதையெல்லாம் (ஓட்டக்கூடிய வடிவுக்கு மாறியதையெல்லாம்) அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவைப்பது அதுதான். கோட் கிளைகளை (தனித்தனிப் பதிப்புகளை) மாற்றும்போது, விசித்திரமான பிழை வரும்போது மட்டும் போதும். டெஸ்டைத் தவிர்க்கும் ஆப்ஷனிலும் இரண்டு வகை உண்டு. ஸ்கிப்டெஸ்ட்ஸ் என்பது டெஸ்ட்களைக் கம்பைல் செய்யும், ஓட்டாது. மேவன் டெஸ்ட் ஸ்கிப் என்பது கம்பைலும் செய்யாது. எங்கள் குழுவில் பாதிப் பேர் இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தார்கள்.

மீதி 21 நிமிடத்தில் ஜாவா கம்பைலர் எடுத்துக்கொண்டது மொத்தமாகக் கூட்டினாலும் மூன்று நிமிடம் வரவில்லை. கம்பைல் மெதுவாக இருக்கிறது என்று எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தோம், உண்மையில் கம்பைலர் ஒரு பாவமும் அறியாதது. பில்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்தால் தெரியும். ஜாவா பத்து சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருக்க, கம்பெனி ஆன்டிவைரஸ் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு பில்டில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன கிளாஸ் ஃபைல்கள் பிறக்கின்றன, ஒவ்வொன்றும் எழுதப்படும்போது சோதனை. ஜார் என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் ஃபைல்தான், அதைத் திறக்கும்போதெல்லாம் பிரித்து உள்ளே ஒரு சோதனை. கல்யாண வீட்டு வாசலில் ஒவ்வொரு இலைக்கும் ஆதார் கேட்கிற மாதிரி.

இதைச் சரிசெய்ய தொழில்நுட்பம் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். ‘ஆன்டிவைரஸ் தொல்லை, எடுத்துவிடுங்கள்’ என்று டிக்கெட் போட்டால் உடனே மூடுவார்கள். எனக்கும் மூடினார்கள். அடுத்தமுறை கேட்டதை மாற்றினேன். சோதனைக்கு ஒரே ஒரு லேப்டாப்பில், மேவனின் லோக்கல் ரெப்பாசிட்டரி ஃபோல்டருக்கும் புராஜெக்ட் ஃபோல்டருக்கும் மட்டும், உடனுக்குடன் நடக்கும் ஸ்கேனிலிருந்து மட்டும் விலக்கு, இரவில் நடக்கும் முழு ஸ்கேன் அப்படியே இருக்கட்டும் என்று எழுதினேன். முன்னும் பின்னும் எடுத்த நேரங்களை இணைத்தேன்: 21 நிமிடம், 12 நிமிடம். கூடவே ஒரு கணக்கு: குழுவில் 12 பேர், ஆளுக்கு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் பில்டுக்குக் காத்திருக்கிறோம், மொத்தம் 18 மணி நேரம், அதாவது இரண்டு ஆளுக்கு மேல் சம்பளம் சும்மா போகிறது. செக்யூரிட்டிக்காரர்களுக்கு நம் எரிச்சல் புரியாது. அவர்களுடைய மேலாளருக்கு அந்த 18 புரிந்தது. விண்டோஸ் 11 இருந்தால் டெவ் டிரைவ் என்று ஒன்று 2023-இல் வந்திருக்கிறது, டெவலப்பர் வேலைக்கென்றே தனி டிரைவ். ஸ்கேனை முழுக்க நிறுத்தாமல் வேகம் கொடுக்கும் முறை அதில் உண்டு. எங்களுக்கு விண்டோஸ் 10 என்பதால் பயன்படவில்லை.

சர்வர் எழ ஆன பன்னிரண்டு நிமிடமும் இதே கடல் கதைதான். தொடங்கும்போது கட்டண அட்டவணைகள், மாவட்டப் பட்டியல்கள் என்று ஆயிரக்கணக்கான சின்ன எஸ்கியூஎல் கேள்விகளைப் பாரிஸ் டேட்டாபேஸிடம் ஒவ்வொன்றாகக் கேட்கும். டேட்டாபேஸை டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் கருவி) லேப்டாப்பிலேயே வைத்தபோது இரண்டு நிமிடம். ஆனால் வாடிக்கையாளர்களின் உண்மையான தகவலைப் பிரதியெடுத்து இங்கே கொண்டுவர முடியாது. ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்பு விதியான ஜிடிபிஆர் இருக்கிறது, இந்த நாட்டுக்கும் 2017-ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெயர், முகவரி எல்லாம் மாற்றிய ஒரு சின்ன டேட்டாபேஸை அவர்களே தயாரித்துத் தரும்படி கேட்டு வாங்கினோம். அது வர மூன்று மாதம் ஆனது. சேர்ந்த வாரமே கேட்டுவைக்க வேண்டிய விஷயம் இது.

டீபக்கிங் (பிழையைத் தேடிப் பிடிப்பது) கதை தனி. பாலிசி புதுப்பிக்கும் திரையில் சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் மொத்தத் தொகையில் ஒரு பகுதி காணாமல் போகும். என் லேப்டாப்பில் வராது, பாரிஸ் டெஸ்ட் சர்வரில் மட்டும் வரும். சரி என்று விபிஎன் வழியே டீபக்கரை (ஓடும் கோட் வரிகளை நிறுத்திப் பார்க்கும் கருவி) அந்தச் சர்வரோடு இணைத்து, ஒப்பந்தங்களைச் சுற்றிவரும் லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஒரு பிரேக்பாயிண்ட் (நிறுத்தக் குறி) போட்டு, குறிப்பிட்ட எண் வந்தால் மட்டும் நில் என்று நிபந்தனையும் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் பாரிஸிலிருந்து ஃபோன் மேல் ஃபோன். டெஸ்ட் சர்வரே உறைந்துவிட்டது, இருபது டெஸ்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கத்தினார்கள். பேசியவருடைய பிரெஞ்சு வேகத்துக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது, அதுவே போதுமாக இருந்தது.

நடந்தது என்னவென்றால், நிபந்தனையைச் சரிபார்ப்பது சர்வர் இல்லை, என் லேப்டாப்பில் இருக்கும் ஐடிஇ (கோட் எழுதும் மென்பொருள்). லூப் ஒரு சுற்று வரும்போதெல்லாம் சர்வர் நின்று, எபேனைக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் நகரும். 50,000 ஒப்பந்தங்கள், சுற்றுக்கு 0.2 நொடி, ஆக 10,000 நொடி, இரண்டே முக்கால் மணி நேரம். அதோடு இன்டெல்லிஜே என்ற என் ஐடிஇயில் பிரேக்பாயிண்ட் போட்டால் இயல்பாக எல்லாத் த்ரெட்களையும் (ஒரே சமயத்தில் ஓடும் தனித்தனி வேலைகளையும்) நிறுத்தும். பலர் பயன்படுத்தும் சர்வரில் அதை ‘த்ரெட்’ என்று மாற்றிவிட்டுத்தான் தொடவேண்டும். தூரத்துச் சர்வரில் லூப்புக்குள் நிபந்தனை பிரேக்பாயிண்ட் வேண்டவே வேண்டாம். கோடிலேயே ஓர் இஃப் எழுதி அதனுள்ளே சாதாரண பிரேக்பாயிண்ட் வைத்தால் ஒரே ஒரு தடவைதான் நிற்கும். மெத்தட் (ஒரு செயலுக்கான கோட் தொகுப்பு) பெயர்மேல் வைக்கும் பிரேக்பாயிண்ட் இதைவிட மோசம், உள்ளூரிலேயே நத்தை வேகம்.

இதெல்லாம் திருத்திய பிறகும் பக் சிக்கவில்லை. டீபக்கரோடு ஒவ்வொரு வரியாகப் போனால் தொகை சரியாக வருகிறது. டீபக்கரை எடுத்தால் தப்பாக வருகிறது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று நானே சந்தேகப்பட்ட வாரம் அது. காவடி விடுமுறையன்று ஊரே பால்குடம் சுமந்து போகிறது, பாரிஸுக்கு அது வேலைநாள், நான் வீட்டில் இந்தத் திரையோடு. கடைசியில் வேரியபிள்ஸ் பட்டையைச் சும்மா வெறித்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. ஹைபர்னேட்டில் (ஜாவாவையும் டேட்டாபேஸையும் இணைக்கும் லைப்ரரி) பிள்ளை ரெக்கார்டுகளைத் தேவைப்படும்போதுதான் டேட்டாபேஸிலிருந்து எடுக்கும்படி வைத்திருப்பார்கள். நான் நின்ற இடத்தில், அந்தப் பட்டியலில் எத்தனை இருக்கிறது என்று எனக்குக் காட்டுவதற்காக டீபக்கர் தானாகவே அதைத் தொடுகிறது. தொட்டதும் டேட்டா வந்துவிடுகிறது, டேட்டாபேஸுடனான செஷன் அப்போது திறந்திருக்கிறது. நான் பார்க்காதபோது யாரும் தொடுவதில்லை. செஷன் மூடிய பிறகு கணக்குப் போடும் கோட் அதைத் தேடுகிறது, எக்ஸப்ஷன் (பிழை அறிவிப்பு) விழுகிறது, அதை ஒரு கேட்ச் பிளாக் (பிழையைப் பிடிக்கும் பகுதி) சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு பூஜ்ஜியம் கொடுக்கிறது. அந்தக் கேட்சுக்கு மேல் ‘தொடாதே’ என்று பிரெஞ்சில் ஒரு கமெண்ட். தொட்டேன்.

டீபக்கரின் டேட்டா வியூஸ் செட்டிங்கில் டூஸ்ட்ரிங் (ஒன்றை எழுத்தாக மாற்றித் தரும் மெத்தட்) காட்டுவதையும் கலெக்ஷன்களை (பட்டியல்களை) விரித்துக் காட்டுவதையும் அணைத்துவைத்தால் இந்த மாயம் நடக்காது, தூரத்துச் சர்வரில் ஒவ்வொரு அடியும் வேகமாகவும் நகரும். டீபக்கர் இருந்தால் மறைகிற பக் என்றால் டீபக்கரை விட்டுவிட்டு லாக் வரிகளுக்குப் போங்கள். முடிந்தால், சந்தேகப்படும் கணக்கை மட்டும் சர்வர் வேண்டாத ஒரு தனிக் கிளாஸாக உருவி, ஜேயூனிட் என்ற டெஸ்ட் கருவியில் ஓட்டுங்கள். அப்படி உருவிய டெஸ்ட் எனக்கு நாலு நொடியில் ஓடுகிறது. மெத்தடுக்கு உள்ளே மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் ரீஸ்டார்ட்கூட வேண்டாம், ஜாவாவின் ஹாட்ஸ்வாப் (ஓடும்போதே கோட் மாற்றும் வசதி) ஜேடிகே 1.4 காலத்திலிருந்தே இருக்கிறது. டீபக் மோடில் கம்பைல் செய்தாலே மாறிவிடும். புது மெத்தட், புது ஃபீல்டு சேர்த்தால்தான் ஏற்காது.

இப்போது முழு பில்ட் 12 நிமிடம், அன்றாட மாற்றத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். ஆன்டிவைரஸ் விலக்கு எங்கள் குழுவுக்குக் கிடைத்துவிட்டது, பக்கத்துக் குழுவின் டிக்கெட் இன்னும் திறந்தே கிடக்கிறது. அவர்கள் தனியாக அளந்து அனுப்பவேண்டுமாம். நான் இன்னொரு வேலைக்கு இன்டர்வியூ போனால் கேட்கப்போகும் கேள்விகளையும் எழுதிவைத்திருக்கிறேன்: கோட் இறக்கியதிலிருந்து முதல் திரை வரும்வரை எவ்வளவு நேரம்? ரெப்பாசிட்டரியும் டேட்டாபேஸும் எந்த நாட்டில் இருக்கின்றன? லேப்டாப்பில் எனக்கு அட்மின் உரிமை உண்டா? கடைசியாகச் சேர்ந்தவர் முதல் மாற்றத்தை எத்தனை நாளில் அனுப்பினார்? கேட்டதும் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டியே கேளுங்கள்.